லாயத்து வெளிச்சம்

மேற்குத் தாம்பரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள ஷரீஃபா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஃபாயிசாவும் சுகமாக இருக்கிறோம். முதாசிர் மச்சானுக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா? ஊட்டிக் குளிரில் அதிகாலையில் நடக்கப் போகாதே என்று நான் சொன்னதாகச் சொல்.

கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போனை யார் முதலில் வைத்தது என்று அப்புறம் ஒரு மாதம் பேச்சில்லை. அதோடு, இது லாயத்தில் நின்றுகொண்டு போனில் பேசுகிற விஷயமும் இல்லை. அங்கே காது கொடுத்துக் கேட்கிற ஆள் இருக்கிறார்.

அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜீவானந்தம்.

போன வாரம் பெருங்களத்தூர் மெர்வின் வந்திருந்தார். அவருடைய மகள் நம்மிடம் சனிக்கிழமைகளில் குதிரையேற்றம் கற்கிறாள். போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பம்மலில் ஏதோ கல்யாண ஊர்வலம். வெள்ளைக் குதிரை மேல் மாப்பிள்ளை. "உங்க சுல்தானா மாதிரியே இருக்கே பாய்?" என்றார். நம் குதிரைகளை நான் எந்தக் கல்யாணத்துக்கும் அனுப்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். அத்தா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

ஆனால் ராத்திரியில் லாயத்தில் இருப்பது யார்? பதினெட்டு வருடமாக அவர் ஒருவர்தான். வாரத்தில் ஆறு நாள் லாயத்தை ஒட்டிய அறையில் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரும்பாக்கத்து வீட்டுக்கு, மனைவி ரேணுகாம்பாளைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். 'சொல்கிறார்' என்றுதான் இப்போது எழுத வருகிறது. நான் சாயங்காலம் ஆறு மணிக்குப் படப்பை லாயத்திலிருந்து கிளம்பினால் மறுநாள் காலைதான் போகிறேன். இடையில் பன்னிரண்டு மணி நேரம். எந்தக் குதிரை எங்கே போய் வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ மாட்டு டாக்டர் மட்டுமில்லை, ஊட்டிக் குதிரைகளையும் தினமும் பார்க்கிறவள். ராத்திரி வெளியே கொண்டுபோன குதிரையைக் காலையில் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்க முடியுமா? அதை மட்டும் எழுது. அவர் நல்லவர் என்று எழுதாதே, அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது.

உன் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.

ஹிதாயத்துல்லா


உதகை
14 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். மச்சானுக்கு இருமல் தேவலை. உன் பேச்சைச் சொன்னேன். மறுநாள் அரைமணி நேரம் முன்னதாகவே நடக்கக் கிளம்பிவிட்டார்.

கேட்டதற்கு மட்டும் பதில். தார் ரோட்டில் ஊர்வலம் போன குதிரைக்கு லாடம் தேயும். மண்ணில் மட்டும் ஓடுகிற குதிரைக்கு அவ்வளவு தேயாது. லாடம் அடிக்க வருகிறவரிடம் சுல்தானாவின் நான்கு காலையும் காட்டிக் கேள். இரண்டு நிமிட வேலை. பதிலை எனக்கு எழுது.

கேட்காததற்கும் ஒன்று சொல்கிறேன். மனதில் இப்படி ஒன்று இருந்தால் ஜீவானந்தம் அண்ணனிடமே நேராகக் கேட்டுவிடு. கோபப்படுவார், இரண்டு நாள் பேசமாட்டார், அவ்வளவுதான். மறைவாக எதுவும் செய்யாதே. சின்ன வயதில் உனக்கு யார்மீதாவது சந்தேகம் வந்தால் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

ஃபாயிசாவுக்கு என் அன்பு. அவள் தைராய்டு மாத்திரையைத் தவறாமல் போடுகிறாளா?

அக்கா ஷரீஃபா


மேற்குத் தாம்பரம்
20 நவம்பர் 2024

அக்காவுக்கு ஸலாம்.

தாமதம்தான். மழை. வண்டலூரிலிருந்து படப்பை வரை ரோடு முழுக்கத் தண்ணீர். ஃபாயிசா மாத்திரை போடுகிறாள். நானும் நலம், தூக்கம்தான் சரியில்லை.

நான் சந்தேகப்பட்டது வீண் இல்லை, அக்கா. ஒரு மாதமாகவே குதிரைகள் களைத்துக் கிடக்கின்றன. காலை ஆறரைக்குப் போனால், ராத்திரி முழுக்க நடந்து வந்தவை மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. டைகர் எவ்வளவு சாது! அவன் போன வாரம் மெர்வின் மகளின் சட்டையைக் கடித்து இழுத்துவிட்டான். சுல்தானா, சேணம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடுகிறாள். நேற்று அவள் முன்னங்கால்களைப் பார்த்தேன். இரண்டிலும் முட்டியும், குளம்புக்கு மேலே உள்ள மூட்டும் சிராய்ந்து தோல் வழன்றிருக்கிறது. எங்கேயோ விழுந்திருக்கிறாள். லாயத்தில் நிற்கிற குதிரை எங்கே போய் விழும்?

ஜீவானந்தத்திடம் கேட்டேன். "அதுங்களுக்குத் தூக்கமே இல்ல பாய்" என்றார். ஏன் தூக்கம் இல்லை என்றால் தரையைப் பார்க்கிறார். தூக்கம் ஏன் இல்லை என்று அவருக்குத்தானே தெரியும்!

தீவனம் அதே. தண்ணீர் அதே. வேறு எந்த மாற்றமும் இல்லை. நீ என்ன நினைக்கிறாய்?

தம்பி
ஹிதாயத்


உதகை
28 நவம்பர் 2024

அன்புள்ள ஹிதாயத்,

ஸலாம். இங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. இருவரும் சுகம். உனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று நீ எழுதவில்லை.

லாடத்தைப் பற்றியும் எழுதவில்லை.

நீ சொல்கிற காயம் ரோட்டில் தடுக்கி விழுந்ததாலும் வரலாம். வேறு காரணமும் உண்டு. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து உறங்க அது படுத்தாக வேண்டும். நாளுக்கு அரைமணி, முக்கால் மணி போதும். அதுவும் கிடைக்காமல் வாரக்கணக்கில் போனால் ஒரு கட்டத்தில் நின்றபடியே உறங்கி, முன்கால் மடங்கிச் சரியும். அப்படிச் சரிகிற குதிரைக்குச் சிராய்ப்பது நீ சொன்ன அதே இடங்கள்தான்.

அதனால் கேட்கிறேன். காலையில் அவள் விலாவில் சாணிக்கறை, வைக்கோல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? இருந்தால் படுக்கிறாள் என்று அர்த்தம். அவளுக்குப் பயம் தருகிற மாதிரி புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா? நாய்? ஜெனரேட்டர்? பக்கத்து மனையில் கட்டட வேலை? கொட்டடியை மாற்றினாயா? ஆறு குதிரைகளும் ஒரே சமயத்தில் களைத்தால், ஆறுக்கும் பொதுவான ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. ஆறு குதிரைகளையும் ஒரே ராத்திரியில் கல்யாணத்துக்கு ஓட்டிப்போக முடியாது, தம்பி.

யோசித்து எழுது.

அக்கா


மேற்குத் தாம்பரம்
3 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

அல்லாஹ்வின் கிருபையால் நலம். உங்கள் இருவர் நலமும் நாடுகிறேன்.

விஷயம் முடிந்துவிட்டது. ஜீவானந்தத்தைப் போகச் சொல்லிவிட்டேன். போன மாதம் பதினேழாம் தேதி. கையும் களவுமாகப் பிடித்தேன் என்றே வைத்துக்கொள். பதினொரு ராத்திரி செய்திருக்கிறார். ஆதாரம் என்னிடம் இருக்கிறது. போலீசுக்குப் போகவில்லை, அது பதினெட்டு வருடத்துக்கு நான் கொடுத்த மரியாதை. ஆனால் இன்னொருத்தர் ஏமாறக்கூடாது என்பதற்காக நம் பக்கத்து லாயக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஒரு வரி போட்டு வைத்தேன். கேளம்பாக்கம் முதல் ஒரகடம் வரை எல்லாரும் அதில் இருக்கிறார்கள்.

புது ஆள் ஒருவர் பகலில் வருகிறார். ராத்திரிக்கு ஆள் தேவையில்லை என்று ஏற்பாடு செய்துவிட்டேன்.

நீ சாணிக்கறை கேட்டாய். ஒரு பொட்டுக் கறை இல்லை. சுல்தானா காலையில் தேய்க்கவே வேண்டாத அளவுக்குப் பளிச்சென்று நிற்கிறாள். அவளுக்கு ஒரு புதுப் பிரச்சினை: மார்கழியில், வெடவெடக்கிற காலையில், கைப்பிடி கைப்பிடியாக முடி கொட்டுகிறது. அதோடு பருவத்துக்கு வந்து நிற்கிறாள். வாலைத் தூக்கிக்கொண்டு கத்துகிறாள், உதைக்கிறாள். போன வருடம் இவளுக்குப் பங்குனிக்கு அப்புறம்தான் இதெல்லாம். இதற்கு மருந்து ஏதாவது உண்டா?

குதிரைகளுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட என்று போன வாரம் ஒரு லேடி டாக்டர் வந்தார், டாக்டர் தபீதாள். நல்ல மாதிரி. அவர் வந்ததும் நல்லதாகப் போயிற்று.

தம்பி ஹிதாயத்துல்லா


உதகை
9 ஜனவரி 2025

ஹிதாயத்,

ஸலாம். நலம் விசாரிப்பை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

ஜீவானந்தம் அண்ணனை எதைச் செய்யும்போது பிடித்தாய்? 'கையும் களவுமாக என்றே வைத்துக்கொள்' என்றால் என்ன அர்த்தம்? அப்படி வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. பதினொரு ராத்திரி என்று எண்ணத் தெரிந்த உனக்கு, அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுத வரவில்லையா? குதிரையோடு வெளியே போனதைப் பார்த்தாயா? பார்த்திருந்தால் நீ நாலு பக்கம் எழுதியிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும்.

இன்னொன்று. மார்கழியில் முடி உதிர்ந்து, பருவத்துக்கு வந்து நிற்கிற குதிரை என்றால் ஒரு டாக்டருக்கு முதலில் தோன்றுவது ஊசி. ஹார்மோன் ஊசி. சுல்தானாவுக்குக் குட்டி எடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். யாராவது அரைகுறை ஆளை வைத்து ஊசி போட்டாயா? குதிரைகள் களைத்ததும், கடித்ததும், விழுந்ததும் அதனால்தானா? அந்தப் பழியைத் துடைக்கத்தான் ஒரு ஆளை வெளியே அனுப்பினாயா?

இல்லை என்றால் இல்லை என்று எழுது. நம்புகிறேன். ஆனால் எழுது.

ஷரீஃபா


மேற்குத் தாம்பரம்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. போன வெள்ளிக்கிழமை சுல்தானா மேலிருந்து விழுந்துவிட்டேன். வலது பக்கக் காறையெலும்பில் முறிவு. கைக்குத் தூளி கட்டியிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல ஃபாயிசா எழுதுகிறாள். பயப்பட ஒன்றும் இல்லை.

ஊசி எதுவும் போடவில்லை. அத்தா மேல் ஆணை. என்னைப் பற்றி நீ அப்படி நினைத்ததை மறக்க எனக்கு நாளாகும்.

ஹிதாயத்துல்லா

அக்கா, இனி வருவது அவர் சொன்னதில்லை. தபாலில் போட என்னிடம் கொடுத்துவிட்டு மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறார். நான் எழுதுகிறேன்.

அவர் விழுந்தது குதிரை ஓடும்போது இல்லை. சுல்தானா சும்மா நின்றுகொண்டிருந்தாள். இவர் மேலே உட்கார்ந்து மெர்வினோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் தலை தாழ்ந்துகொண்டே போனது. நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று முன்கால் இரண்டும் மடங்கிச் சரிந்தாள். இவர் அவள் கழுத்துக்கு மேலாகப் போய் விழுந்தார். விழுந்த பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள். தூக்கத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி எங்களைப் பார்த்தாள்.

உங்களுக்கு அவர் எழுதாத ஒன்று இருக்கிறது. அக்டோபர் பத்தாம் தேதியே லாயத்தில் கேமரா வைத்துவிட்டார். சேலையூரிலிருந்து ரவி என்று ஒருவர் வந்து மாட்டினார். "கலர்ல பளிச்னு தெரியணும்னா ராத்திரி பூரா லைட்டு எரியணும் சார்" என்று சொல்லி, நான்கு பெரிய வெள்ளை விளக்குகளையும் மாட்டிவிட்டுப் போனார். ஒவ்வொன்றும் கிரிக்கெட் மைதானத்தில் போடுகிற மாதிரி. அன்றிலிருந்து ராத்திரி முழுக்க எரிகிறது. ஜீவானந்தத்திடம் திருட்டு பயத்துக்காக என்று சொன்னார். எங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு இவர் ராத்திரி முழுக்க லாயத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால்தான் தூக்கம் இல்லை.

டிசம்பரில் பதினொரு ராத்திரி படம் வரவில்லை. பத்து மணிக்கு இருட்டாகும், நாலு மணிக்கு மறுபடி தெரியும். ஜீவானந்தம் ஏணி வைத்து ஏறி, விளக்குகள் மேல் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறார். கேமராவும் அந்தச் சாக்குக்குள் போய்விட்டது. "அந்த ஆறு மணி நேரத்துலதான் வெளியே ஓட்டிட்டுப் போறான்" என்று இவர் குதித்தார்.

அவரை வெளியே அனுப்பிய அன்று காலையில் நானும் அங்கே இருந்தேன். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "லைட்டு எரிஞ்சிக்கினே இருந்தா அதுங்க படுக்க மாட்டுதுங்க பாய். அதுங்களுக்கு ராத்திரியே வரல. சாக்கு போட்ட அன்னிக்குத்தான் டைகரு படுத்துச்சு. கேமராலாம் இன்னான்னு எனக்குத் தெரியாது." இவர் கேட்கவில்லை. "எனக்கே கதை சொல்றியா?" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை, அக்கா. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது சாக்கும் இல்லை. ஆளும் இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது.

மெர்வினிடம் அந்த வீடியோவை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். அந்தக் குதிரைக்கு மூக்கு நுனி கறுப்பு. நம் சுல்தானாவுக்கு ரோஜா நிறம். மெர்வின் "மாதிரி இருக்குன்னுதானே சொன்னேன்" என்கிறார்.

இதை நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை.

ஃபாயிசா


உதகை
7 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹிதாயத், ஃபாயிசா இருவருக்கும்,

ஸலாம். எலும்பு நேராகக் கூடட்டும். கனம் தூக்காதே, தூளியை நீயாகக் கழற்றாதே. ஃபாயிசா எழுதியதற்காக அவளிடம் ஒரு வார்த்தை பேசாதே.

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன் போய் அந்த விளக்குகளை அணை. படப்பைக்கு நீ போக முடியாது என்றால் ஃபாயிசா போகட்டும்.

குதிரையின் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதற்குச் சாவி கொடுப்பது கண்ணில் விழுகிற வெளிச்சமும் இருட்டும். இருட்டினால் மூளையில் ஒன்று சுரக்கும், அது சுரந்தால்தான் உடம்புக்கு ராத்திரி என்று தெரியும். நீ போட்ட மாதிரி வெள்ளை வெளிச்சத்தில் அது சுரக்காது. சுல்தானாவின் உடம்பு பகல் நீண்டுவிட்டது, கோடை வந்துவிட்டது என்று நம்பிவிட்டது. அதனால்தான் மார்கழியில் முடியை உதிர்த்தாள், பருவத்துக்கு வந்தாள். வெளிநாட்டுப் பண்ணைகளில் இதைத் தெரிந்தே செய்வார்கள், ஆனால் மணிக்கணக்குப் பார்த்து. மீதி நேரம் நல்ல இருட்டு கொடுப்பார்கள். அக்டோபர் பத்திலிருந்து டிசம்பர் கடைசி வரை எண்ணி, சாக்கு போட்ட பதினொரு ராத்திரியைக் கழித்துப் பார். ஏறக்குறைய பத்து வாரம். கணக்குச் சரியாக வருகிறது. படுக்காததற்கும் அதுவே. கண்ணைக் கூசும் வெளிச்சத்தில், மழைப்பூச்சி மொய்க்கிற இடத்தில், எந்தக் குதிரையும் நிம்மதியாகப் படுக்காது.

ஜீவானந்தம் அண்ணன் இதையெல்லாம் படித்ததில்லை. ஒரு வரியில் சொன்னார்: அதுங்களுக்கு ராத்திரியே வரல.

இனி நான் சொல்லாமல் விட்டது. டாக்டர் தபீதாள் என்னோடு படித்தவள். டைகர் கடித்தான், சுல்தானா விழுந்தாள் என்று நீ நவம்பரில் எழுதியபோதே எனக்குச் சந்தேகம்; நான்தான் அனுப்பினேன். தடுப்பூசி ஒரு சாக்கு. சுல்தானாவின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கச் சொன்னேன், நீ ஊசி போட்டிருக்கிறாயா என்று பார்க்க. உன்னிடம் 'எழுது, நம்புகிறேன்' என்று எழுதிய அன்றே முடிவு என் கையில் இருந்தது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. இருந்தும் கேட்டேன். உன் வாயிலிருந்து வருகிறதா என்று பார்த்தேன். தபீதாளும் பகலில் வந்து போனாள். பகலில் எரியாத விளக்கை யார் கவனிப்பார்கள்?

கதவிடுக்கில் கண்ணை வைத்தாய் என்று உன்னைத்தான் சொன்னேன். நானும் அதே வீட்டில் பிறந்தவள்தானே. மன்னித்துக்கொள்.

பெரும்பாக்கத்துக்குப் போ. கை கட்டோடு இருந்தாலும் போ.

அக்கா


மேற்குத் தாம்பரம்
4 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் நோன்பு நல்லபடியாகப் போகிறதா? தூளியை டாக்டரே கழற்றிவிட்டார். எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

தபீதாள் விஷயத்தில் இரண்டு நாள் உன்மேல் எரிச்சலாக இருந்தேன். மூன்றாம் நாள் எனக்கே சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் சிரிப்பும் வரவில்லை.

விளக்கு நான்கையும் கழற்றியாயிற்று. கேமராவும் போயிற்று. ஆபத்துக்கு என்று கதவுக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு மட்டும், நீ போனில் ஃபாயிசாவிடம் சொன்ன மாதிரி. முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. ஒன்பதாம் நாள் காலை போனேன். சுல்தானாவின் வலது விலாவில் தோளிலிருந்து இடுப்பு வரை பச்சைச் சாணி அப்பியிருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு அழகான அழுக்கை நான் பார்த்ததில்லை.

அன்றே ஆட்டோ பிடித்துப் பெரும்பாக்கம் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடி. ரேணுகாம்பாள் கதவைத் திறந்தார். மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறார், கூடை வாசலிலேயே இருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை.

"போலீஸ்ல குடுக்கல, அதுவே பெருசுன்னு சொல்லி அவுர அனுப்பினீங்களே பாய். இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

"அவரைப் பார்க்கணும்."

"அவுரு கோவளத்துல கீறாரு, அவுங்க அண்ணன் கோபு கூட. ஐஸ் பொட்டி தூக்குறாரு. கடலே வாணாம்னு குதிரையாண்ட போன ஆளு, இந்த வயசுல ஐஸ் தூக்கிக்கினு கீறாரு. எந்த லாயத்துக்குப் போனாலும் 'நீதானா அது'ன்னு கேக்குறாங்களாம். குரூப்புல நீங்க இன்னா எழுதினீங்கன்னு எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. கூடையாண்ட வந்து நின்னு, 'உம் புருசன் குதிரை திருடினானாமே'ன்னு மீன் வாங்க வர்றவங்க கேக்குறாங்க. நான் அதுக்கு இன்னா சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

"தப்பு என் மேலதான்" என்றேன். "அத எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டுக் கூடையைக் கழுவப் போய்விட்டார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். லாடத்தைப் பற்றி மூன்று கடிதமாக நான் வாய் திறக்கவில்லை. உன் கடிதம் வந்த அந்த வாரமே கேட்டேன். லாடம் அடிக்கிறவர் நான்கு காலையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் தாங்கும் பாய், இது ரோட்டைப் பார்க்காத குதிரை" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்று ராத்திரியும் போனில் லாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்காதே. ஒருவரைத் திருடன் என்று மனதுக்குள் முடிவு கட்டியபின், அவர் திருடவில்லை என்று தெரிவது எனக்கு நிம்மதியாக இல்லை, ஏமாற்றமாக இருந்தது.

தம்பி


உதகை
11 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். இங்கே இருவரும் நோன்போடு சுகம்.

கடைசி வரியை நாலு தடவை படித்தேன். அதை எழுத உனக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று தெரியும்.

ரேணுகாம்பாள் அக்கா சொன்னது சரி. அவர் வீட்டு வாசலில் சொன்ன மன்னிப்பு அந்த வாசலோடு சரி. பழியைக் குழுவில் போட்டாய். அங்கேயே போய் எடு. 'தவறான புரிதல்' என்று எழுதாதே. அவர் பெயரைப் போட்டு, உன் பெயரைப் போட்டு, நடந்ததை எழுது. யார் என்ன சொன்னாலும் அழிக்காதே.

அதன் பிறகு கோவளம் போ. அவர் திரும்ப வந்தால் அது அவர் பெருந்தன்மை. வராவிட்டால் அது அவர் உரிமை. இரண்டில் எதையும் நீ எதிர்பார்த்துக்கொண்டு போகாதே.

அக்கா


மேற்குத் தாம்பரம்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு நீ அனுப்பிய ஊட்டி வர்க்கி பிஸ்கட் வந்தது. பாதி தூளாகிவிட்டது, ஃபாயிசா அதையும் விடவில்லை. கையை இப்போது முழுதாகத் தூக்க முடிகிறது.

குழுவில் எழுதினேன். ஒன்பது வரி. 'ஜீவானந்தம் திருடவில்லை. குதிரைகள் தூங்குவதற்காக அவர் விளக்கை மூடினார். நான் அதைத் திருட்டு என்று சொன்னேன். விளக்கு போட்டுக் குதிரைகளைக் கெடுத்தது நான்.' இப்படித்தான் எழுதினேன். எழுபத்து மூன்று பேர் பார்த்தார்கள். நாலு பேர் கட்டை விரல் போட்டார்கள். ஒருவர் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினார்: "பாய், அந்த ஆளு உங்களை ஏதாச்சும் மிரட்டினானா?" பழியை நம்ப ஒரு வரி போதுமாக இருந்தது, அக்கா. அதை எடுக்க ஒன்பது வரி போதவில்லை. செய்தி அனுப்பியவரிடம் போனிலும் பேசினேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் கோவளம் போனேன். ஜீவானந்தம் படகுக்குப் பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் தயார் பண்ணிக்கொண்டு போனதில் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை.

"சுல்தானா படுக்குதா?" என்றார்.

"படுக்கிறாள்."

"டைகரு?"

"அவனும்."

கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வந்து அதுங்களைப் பாக்குறேன்" என்றார். என்னிடம் வேலைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

வந்தார். ஆறு குதிரைகளும் அவர் செருப்புச் சத்தத்துக்கே தலையைத் தூக்கின. டைகர் அவர் தோளில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளிலிருந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் இப்போது அவர் லாயத்து அறையில் படுப்பதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரும்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்கிறார். போகும் முன் லாயத்தைப் பூட்டுகிறார். இரண்டு சாவி இருந்தது. அவரிடம் இருந்ததையும் என்னிடம் கொடுத்துவிட்டார். "ஒன்று உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். "வாணாம் பாய்" என்றார், கோபமே இல்லாமல்.

பூட்டுவதற்கு முன் தினமும் என்னைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்துகிறார். "ஆறும் கீதா, எண்ணிப் பாத்துக்குங்க."

முதல் நாள், "என்ன ஜீவானந்தம் இது, தேவையில்லை" என்றேன். அவர் நகரவில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. குதிரைகள் ஒவ்வொன்றாக வைக்கோலை மிதித்து இடம் பார்க்க ஆரம்பித்தன. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

எண்ணினேன், அக்கா. வாய்விட்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை. அதற்குப் பிறகுதான் பூட்டினார்.

தினமும் எண்ணுகிறேன்.

உன் துஆ வேண்டும்.

ஹிதாயத்துல்லா